நாற்பது கிலோமீட்டர்

கனடாவின் வடகோடியில், கிரீஸ் ஃபியோர்டு கிராமத்திலிருந்து ரெசொலூட் ஊருக்கு மாதம் ஒருமுறை விமானத்தில் போவாள் நிங்கியுக். அங்கே சுகாதார நிலையத்தில் அவளுக்கு மொழிபெயர்ப்பு வேலை. போன வருஷம் அவள் கணவன் பவுலூசி அதே ஊருக்குப் பனிவண்டியில் கிளம்பினான், போய்ச் சேரவில்லை.

அவள் ஏறும் நாட்களில் மட்டும் தூரம் நாற்பது கிலோமீட்டர் கூடிவிடும். விமானி ரெஷான் கருவியைத் தட்டிப் பார்ப்பான்.

"நேராத்தான்க்கா ஓட்டுறேன், ஆனா பத்து நிமிஷம் கூடுது. என்னத்தச் சாப்பிட்டுட்டு ஏறுறீங்க?"

"கடல்நாய்க் கறி. உனக்கும் வேணுமா?"

அந்தப் பத்து நிமிடமும் அவள் ஜன்னலிலிருந்து முகத்தை எடுக்க மாட்டாள். கீழே அவளுக்குத் தெரியாத ஒரு வெள்ளைச் சமவெளி விரியும். நடுவில் பவுலூசி அடுப்பு மூட்டித் தேநீர் வைத்துக்கொண்டிருப்பான். ஒருமுறைகூட அவன் அண்ணாந்து பார்த்ததில்லை. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

மார்ச் மாதம் நாத்தனார் அலூகிக்கு ஆண் குழந்தை பிறந்தது. இருபது நாளாகியும் பேர் வைக்கவில்லை.

"இவனுக்கு அண்ணன் பேரை வைக்கணும் அண்ணி. நம்ம வழக்கத்துல செத்தவங்க பேரைத்தானே வைப்போம். அண்ணன் இனி வராதுன்னு நீங்க ஒத்துக்கிட்டாத்தான் வைப்பேன்."

குழந்தை அழுதுகொண்டேயிருந்தது. நிங்கியுக் அதை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"வையி," என்றாள்.

அடுத்த பயணத்தில் கீழே கடல்பனி வந்தது. டெவன் தீவின் மலைகள் வந்தன. உடனே ரெசொலூட்டின் கூரைகள் தெரிந்தன.

"அக்கா, இன்னிக்கு தூரம் சரியாக் காட்டுது! பத்து நிமிஷம் மிச்சம்!" என்று கத்தினான் ரெஷான்.

எல்லோரும் இறங்கிப் போன பிறகும் அவள் இடுப்புப் பட்டையைக் கழற்றவில்லை.