ஆபீசரம்மா வரும் நாள்

"சிகரெட்டை அணை. ஆபீசரம்மா வர்ற நேரம்," என்றாள் அவள்.

அவன் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டு, முனகிக்கொண்டே சிகரெட்டைத் தண்ணீர் வாளியில் போட்டான்.

"நேத்து டீக்கடையில யாரையோ அடிச்சியாமே?"

"அவன்தான் முதல்ல சீண்டினான்."

"யார் சீண்டினாலும் கை நீட்டக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! இன்னிக்குச் சொதப்பினா நம்ம ரெண்டு பேரையும் பிரிச்சிடுவாங்க. பட்டனைப் போடு."

அவன் நன்றாக இருக்க வேண்டும் என்று திட்டுவதற்கு உலகத்தில் இருந்த ஒரே ஆள் அவள்தான். கழுத்துவரை பட்டனைப் போட்டுக்கொண்டான்.

ஆபீசரம்மா வந்தார். இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார். முகம் மலர்ந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"திருட்டு, அடிதடின்னு எங்க சிறார் இல்லத்துக்கு வந்த பொண்ணு சார் இவ. பதினாறு வயசுல இவளுக்கு உங்களை மாதிரி ஒரு முன்மாதிரி கிடைச்சது அதிர்ஷ்டம். இன்னும் ஒரு வருஷம் உங்க பொறுப்புலயே இருக்கட்டும்."

ஜீப் தெருமுனையைத் தாண்டியதும் அவள் பெருமூச்சு விட்டாள்.

"போன வழிகாட்டிக்கு நீ எவ்வளவோ தேவலைண்ணே. அந்த ஆளு சொன்ன பேச்சே கேக்க மாட்டாரு."