சிவப்புக் கோடு

"தலைவரே, இந்தப் படத்தைக் கூட்டத்துல காட்டினா நம்ம மானம் கப்பலேறிடும்!"

"அதுவாவது ஏறட்டுமே. நம்ம சரக்குதான் ஏற மாட்டேங்குது" என்று சிரித்தார் வெனீர் ஏற்றுமதியாளர் சங்கத் தலைவர்.

செயலாளருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலையில் சேர்ந்து ஆறு மாதம்தான். ஆனாலும் சங்கத்தின் பெருமை தன் பெருமை என்று நினைக்கிற ஆள். மரத்தைக் காகிதம் மாதிரி சீவி, மேஜைக்கும் அலமாரிக்கும் மேலே ஒட்டுகிற வெனீரில் நம் நாட்டை அடித்துக்கொள்ள ஆளே இல்லை என்றுதான் அவர் நம்பியிருந்தார்.

மேஜையில் விரிந்திருந்த படம் வேறு மாதிரி சொன்னது. இருபது வருட ஏற்றுமதி. நீலக் கோடு நாம். சிவப்புக் கோடு பக்கத்து நாடு. முதல் பன்னிரண்டு வருடம் சிவப்பு தரையிலேயே தவழ்ந்தது. அப்போதெல்லாம் அவர்களே நம்மிடம்தான் வாங்கினார்கள். பதின்மூன்றாம் வருடம் தலைதூக்கிய சிவப்பு, போன வருடம் நீலத்தைத் தாண்டியே விட்டது.

"பன்னிரண்டு வருஷத்தோட நிறுத்திக்குவோம் சார். இன்னைக்குத் தேர்தல் வேற. முழுசாக் காட்டினா உங்க நாற்காலி போயிடும்."

"முழுசாத்தான் காட்டணும். அந்தச் சிவப்பை இன்னும் கொஞ்சம் தடிமனாப் போடுங்க."

பக்கத்து நாட்டுக்காரன் இவர் கையில் எதையாவது திணித்துவிட்டானோ என்றுகூடச் செயலாளருக்குத் தோன்றியது.

கூட்டத்தில் நினைத்தபடியே கூச்சல். "பதின்மூணாம் வருஷம் அவங்களுக்கு அப்படி என்னய்யா யோகம் அடிச்சுது?" என்று ஓர் ஆலை முதலாளி எகிறினார்.

"சீவற மிஷினுக்கு ஒரு பொண்ணு வந்தா" என்றார் தலைவர். "நாம எல்லா மரத்தையும் ஒரே கணக்கா வேகவெச்சுக் கத்தியில குடுக்கறோம். அவ ஒவ்வொரு கட்டையையும் தொட்டுப் பார்த்து, அதது வேகறதுக்குன்னு தனி நேரம் வெச்சா. நாம ஏழு ஏடு சீவற கனத்துல அவ பத்து சீவறா. ஒண்ணுகூடக் கிழியறதில்ல."

"அப்பேர்ப்பட்டவளை நாம வளைச்சுப் போட்டிருக்கலாமே!"

"நம்மகிட்டதான் முதல்ல வந்தா. கத்திகிட்ட பொம்பளை நிக்கக் கூடாதுன்னு சங்க விதியைக் காட்டித் திருப்பி அனுப்பிட்டோம். இன்னைக்காவது அந்த விதியைக் கிழிச்சுப் போடுங்க."

மூத்த உறுப்பினர்கள் தரையைப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராகக் கை தூக்கினார்கள். விதி போனது. அடுத்த அரை மணியில், பதினோரு ஓட்டு வித்தியாசத்தில் அவர் பதவியும் போனது.

ஆறுதல் சொல்லலாம் என்று செயலாளர் அவருடைய அறைக்குள் நுழைந்தார். தோற்ற மனிதர் அந்தப் படத்தைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, முகமெல்லாம் பல்லாகக் கைபேசியில் பேசிக்கொண்டிருந்தார்.

"விதியை எடுத்துட்டாங்கம்மா. நாற்காலியா? அது கிடக்குது விடு. உன் சிவப்புக் கோட்டுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு நடுக்கூடத்துல மாட்டப் போறேன். அன்னைக்கு உன் மனுவுல 'முடியாது'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்ட இந்த அப்பனே, தன் கையால ஆணி அடிச்சு மாட்டப் போறேன்டி!"