நூற்றுப் பதினெட்டு

“லைட்டை அணைங்க டாக்டர்! வெளிச்சம் புகுந்து அலையைக் கெடுக்குது!” என்றாள் கருவியின் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்.

ஆபரேஷன் மேஜைக்கு மேலிருந்த பெரிய விளக்கு அணைந்தது.

மரம் அறுக்கும் மெஷினில் துண்டான ஆள்காட்டி விரல். ஏழு மணி நேரமாகத் தைத்து ஒட்டியிருந்தார் டாக்டர். ரத்தம் ஓடினால் விரல் பிழைக்கும். ஓடாவிட்டால் எடுத்துவிட வேண்டியதுதான்.

அதைச் சொல்லப்போவது ஒரு பொத்தான் அளவு சென்சார். விரலுக்குள் சிவப்பு ஒளியைப் பாய்ச்சும். ரத்தம் துடித்தால் திரும்பி வரும் ஒளியும் துடிக்கும். அவளும் அவள் கணவனும் சேர்ந்து செய்த கருவி. டிசைன் அவனுடையது. இயக்குவது அவள்.

ஈரத்தில் டேப் ஒட்டவில்லை. சென்சாரை விரலோடு சேர்த்து அவளே கையால் பிடித்துக்கொண்டாள்.

திரையில் அலை எழுந்தது. துள்ளித் துள்ளி ஓடியது.

“பொழைச்சிடுச்சும்மா!” டாக்டர் குதிக்காத குறை. நர்ஸ் கைதட்டினாள்.

“கையை எடுடி,” என்றான் கணவன். “அது உன் துடிப்பு.”

“சும்மா இருங்க! நல்ல நேரத்துல அபசகுனமா...”

“நெஞ்சுல ஒட்டின கம்பி எண்பத்தாறு காட்டுது. விரல் நூத்திப் பதினெட்டு காட்டுது. ஒரே ஆளுக்கு எப்படி ரெண்டு நம்பர்? படபடன்னு அடிச்சுக்கிறது நீதான்.”

அவள் டேப்பை இரண்டு சுற்று சுற்றிவிட்டுக் கையை எடுத்தாள்.

அலை படுத்தது. வெறும் கோடு.

டாக்டர் விளக்கைப் போடச் சொல்லி, லென்ஸை மறுபடி மாட்டிக்கொண்டு தேடினார். தலைமுடியை விட மெல்லிய தையல் ஒன்று ரத்தக்குழாயை நெரித்துக்கொண்டிருந்தது.

“அடப்பாவமே, இதை விட்டுட்டுப் போயிருப்பேனே!”

பிரித்தார். புதிதாகப் போட்டார்.

மறுபடி விளக்கு அணைந்தது. இந்த முறை யாரும் விரலைத் தொடவில்லை. மூச்சுகூட விடவில்லை.

ஒரு சின்ன மேடு. அப்புறம் இன்னொன்று. அப்புறம் வரிசையாக.

எண்பத்தாறு. பக்கத்துத் திரையிலும் எண்பத்தாறு!

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். நர்ஸ் அவளைக் கட்டிக்கொண்டாள்.

“நாங்க எல்லாரும் ஆடிட்டிருந்தோம். நீங்க மட்டும் எப்படி சார் நம்பரைப் பார்த்தீங்க?” என்றார் டாக்டர்.

பச்சைத் துணித் தடுப்புக்கு அந்தப் பக்கம், ஊசியில் கை தோள் வரை மரத்துப்போய் மல்லாந்து படுத்திருந்த கணவன் சொன்னான்:

“ஏமாந்தா நஷ்டம் எனக்குத்தானே டாக்டர்? விரல் என்னுது.”