கூடத்தில் புது வெளிச்சம்

வில்லாபுரம் வீட்டுக் கூடத்தில் புது டியூப்லைட் பளீரென்று எரிகிறது. மங்கல் பல்பில் படித்துப் படித்துக் கண் வலிக்கிறது என்று தாமரைச்செல்வி வருடக்கணக்கில் கெஞ்சியும் வராத வெளிச்சம், இன்று பெண் பார்க்க வருகிறவர்களுக்காக வந்திருக்கிறது. அவளுடைய கண்ணாடியை அம்மா பிடுங்கி இடுப்பில் செருகியிருக்கிறாள். "சோடாபுட்டின்னு சொல்லிருவாக, சும்மா இருடி." காப்பித் தட்டோடு வருகிற தாமரைச்செல்விக்கு எதிரே எல்லாமே கலங்கல். தட்டை ணங்கென்று வைத்துவிட்டு, அம்மாவின் இடுப்பிலிருந்து கண்ணாடியை உருவி மாட்டுகிறாள். மாப்பிள்ளையின் முகம் தெளிகிறது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவளைத் தேடுகிறான். அவன் மூக்கின் இருபுறமும் கண்ணாடி அழுத்திய சிவந்த பள்ளங்கள். தாமரைச்செல்வி அவனிடம் கேட்கிறாள்: "ஒங்க கண்ணாடியப் புடுங்கி வச்சிருக்கது யாரு, ஒங்க அம்மாவா? வாங்கி மாட்டிக்கிட்டு, அப்பறமா என்னையப் பாருங்க."