ஹெல்மெட் கேட்டவர்

"நாற்பத்தொரு மணி நேரம் முடிஞ்சு போச்சு மேஸ்திரி. இன்னும் ஏழே மணி நேரம்தான். சுவர்ல ஒட்டின நோட்டீஸைப் படிச்சீங்களா, இல்லையா?"

"எனக்கு எங்க சார் படிப்பு? நீங்க கத்துறதை வெச்சே புரிஞ்சுக்கிட்டேன்."

சூப்பர்வைசருக்குச் சிரிப்பு வரவில்லை. திறந்து கிடக்கும் இடங்களில் எல்லாம் தடுப்பு கட்ட வேண்டும். உயரத்தில் வேலை செய்பவர்கள் பாதுகாப்பு பெல்ட் போட வேண்டும். நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் செய்யாவிட்டால் கட்டட அனுமதி ரத்து. அனுமதி போனால் அடுத்து உன் வேலைதான் போகும் என்று முதலாளி போனிலேயே சொல்லிவிட்டார்.

இதுவரை ஒரு கம்பிகூடக் கட்டவில்லை. யாரையாவது பிடித்து நோட்டீஸை எடுக்க வைக்கலாம் என்று போன் போட்டே இரண்டு நாளும் போய்விட்டன. நோட்டீஸை ஒட்டிவிட்டுப் போனது ஒரு பியூன்; அதை அனுப்பிய புது அதிகாரி ஒரு பெண், யார் பேச்சுக்கும் மசிய மாட்டார் என்ற தகவல்தான் மிச்சம்.

"உள்ளே வரலாமா?" என்று வாசலில் ஒரு பெண் குரல் கேட்டது. "தலைக்கு ஒரு ஹெல்மெட் கொடுங்க."

சூப்பர்வைசர் வாசலுக்கு ஓடினார். எட்டு மாதமாக அந்த வாசலில் ஹெல்மெட்டைத் தானாகக் கேட்டு வாங்கிப் போட்டவர் ஒருவர்கூட இல்லை. கேட்கிறார் என்றால் அதிகாரிதான். ஏழு மணி நேரம் முன்னாலேயே வந்து நிற்கிறார்!

பின்னாலேயே வந்த மேஸ்திரி அந்தப் பெண்ணைப் பார்த்ததும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். மேஸ்திரி வாயை மூடிக்கொண்டார். இவருக்கே பேச்சு நின்றுவிட்டதே என்று சூப்பர்வைசருக்கு இன்னும் பயமாகிவிட்டது.

"வாங்க மேடம், வாங்க! டீ சொல்லட்டுமா?"

"வேண்டாங்க. லிஃப்ட் வரப்போற குழி எங்க இருக்கு? முதல்ல அதைக் காட்டுங்க."

எடுத்த எடுப்பில் அடிமடியிலேயே கை வைக்கிறாரே!

இரண்டாம் மாடியில், சுவரில் கதவு அளவுக்கு ஒரு திறப்பு. அதற்குள் இருட்டு. குறுக்கே ஒரு பலகையைச் சாய்த்து வைத்திருந்தார்கள். அவள் இரண்டடி தள்ளியே நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இதுதான் தடுப்பா?"

"தற்காலிகமா வெச்சிருக்கோம் மேடம்."

"இதுல சாய்ஞ்சா, பலகையும் கூடவே வரும்."

"கட்டிடறோம் மேடம். இன்னிக்கே கட்டிடறோம்."

"கட்டுங்க. நான் நிக்கிறேன்."

அதற்குப் பிறகு அந்தக் கட்டடம் எறும்புப் புற்றைக் கலைத்த மாதிரி ஆனது. குடோனிலிருந்து இரும்புப் பைப்புகள் வந்தன. பிளாஸ்டிக் உறையே பிரிக்காத பெல்ட்டுகள் வந்தன.

"இதெல்லாம் நம்மகிட்ட இருக்கா?" என்றார் ஒரு பெயின்டர். "இத்தனை நாளா சார் கொலுவா வெச்சிருந்தாரு?"

"பேசாம மாட்டுய்யா!"

"மாட்டலாம் சார். என் தொப்பை ஒத்துழைக்கணுமே."

அவள் மட்டும் சிரிக்காமல் குழி அருகிலேயே நின்றாள். "இடுப்பு உயரத்துக்கு ஒரு கம்பி போதாதுங்க. முட்டி உயரத்துக்கும் ஒண்ணு வேணும். குனிஞ்சு பூசுறவர் அது வழியா நழுவிடுவார்."

"எல்லாம் விரல் நுனியில வெச்சிருக்கீங்க மேடம்!"

"தெரிஞ்சுக்க வேண்டியதாப் போச்சு."

சூப்பர்வைசர் மணியைப் பார்த்தார். வியர்வையைத் துடைத்தார். மறுபடி மணியைப் பார்த்தார்.

"விபத்து நடந்தா எழுதற நோட்டு ஒண்ணு இருக்கணுமே?" என்றாள் அவள்.

அவருக்குத் தெம்பு வந்தது. நடந்ததை எழுதும் வழக்கமே இல்லாததால் நோட்டு புத்தம் புதிதாக இருந்தது. "பாருங்க மேடம். எட்டு மாசத்துல ஒரு சின்னக் கீறல் கிடையாது."

அவள் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். கடைசிப் பக்கம் வரை பார்த்தாள். "ஒருத்தருக்குக்கூட ஒண்ணும் ஆகலையா?"

"ஆகவே இல்லை. அப்படித்தானே மேஸ்திரி?"

மேஸ்திரி ஏற்கெனவே முறுக்கிய போல்ட்டையே மறுபடி முறுக்கிக்கொண்டிருந்தார்.

அவள் நோட்டை மூடிக் கொடுத்தாள். வேறு எதுவும் கேட்கவில்லை. அதுதான் சூப்பர்வைசரை அதிகம் உலுக்கியது. கீழே ஓடினார், மேலே ஓடினார், தானே பைப் சுமந்தார்.

நாலு மணி நேரத்தில் எல்லா மாடியிலும் தடுப்பு நின்றது. அவள் ஒவ்வொரு கம்பியையும் இரண்டு கையாலும் பிடித்து உலுக்கிப் பார்த்தாள். எதுவும் அசையவில்லை.

சூப்பர்வைசர் மூச்சு வாங்க நோட்டீஸின் நகலை நீட்டினார். "மேடம், குறையெல்லாம் சரிசெஞ்சாச்சுன்னு ஒரே ஒரு கையெழுத்து."

"நான் எதுக்குங்க கையெழுத்துப் போடணும்?"

"அதிகாரி நீங்கதானே போடணும்!"

"நான் அதிகாரின்னு சொல்லவே இல்லையே. வந்ததிலேருந்து நீங்கதான் மேடம் மேடம்னு கூப்பிடறீங்க."

சூப்பர்வைசர் மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி கூரையைப் பார்த்தார்.

"அப்போ... நீங்க யாரு?"

"மூணு மாசம் முன்னாடி இந்தக் குழியில ஒரு கொத்தனார் விழுந்தாரே, உங்க நோட்டுல இல்லாதவர், அவரோட சம்சாரம். கால் எலும்பு கூடிடுச்சு, நாளைக்கு இங்கேயே வேலைக்கு வரணும்னு ஒத்தைக் கால்ல நிக்கிறார். அனுப்பலாமா, வேண்டாமான்னு ஒருதரம் பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்."