மூன்று ஒயர்

அவள் கீபோர்டில் மறுபடி தட்டினாள்.

திரையில் ஒன்றும் வரவில்லை. ஒயரை அசைத்தால் மட்டும் இரண்டு கேள்விக்குறி.

லேப் மேசையில் ஒரு சர்க்யூட் போர்டு. இரண்டு மீட்டர் தள்ளி, தண்ணீர் பக்கெட்டின் மேல் இன்னொன்று, பிளாஸ்டிக் பெட்டிக்குள். தண்ணீர் எவ்வளவு என்று அது சொல்ல வேண்டும். இது கேட்க வேண்டும். ஒன்றின் சீரியல் போர்ட்டிலிருந்து மற்றதற்கு மூன்று ஒயர். சிவப்பு, கறுப்பு, பச்சை. அனுப்ப ஒன்று, வாங்க ஒன்று, கிரவுண்டுக்கு ஒன்று.

அவ்வளவுதான் புராஜெக்ட். இதற்கு நாலு வருஷம்.

இரண்டு மணிக்கு எக்ஸாமினர் வருவார். இப்போது ஒன்றரை. ஓடாவிட்டால் பாஸ் கிடையாது.

எழுத்து போகிற வேகத்தைப் பார்த்தாள். இரண்டு பக்கமும் 9600. தன் போர்டில் அனுப்புகிற பின்னையும் வாங்குகிற பின்னையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்துத் தட்டினாள். தட்டிய எழுத்து அப்படியே திரும்பி வந்தது. இந்தப் பக்கம் சரி. சிவப்பையும் பச்சையையும் இடம் மாற்றிப் பார்த்தாள்.

ஒன்றுமில்லை.

மிச்சம் அந்தப் பெட்டி.

அது அப்பா செய்தது. வீடுகளுக்கு ஒயரிங் பார்க்கிறவர். "சும்மா தொங்கவிட்டா அறுந்துரும் பாப்பா" என்று நேற்று அவராகவே போர்டைப் பெட்டிக்குள் வைத்து, மூன்று ஒயரையும் முறுக்கி, மூடிக் கொடுத்தார்.

பன்னிரண்டு மணிக்கே ஃபோனில் கத்திவிட்டாள். "தெரியாத வேலைல எதுக்குப்பா கைய வைக்கிறீங்க?"

ஏணி மேல் நின்றிருப்பார்.

"சரி பாப்பா" என்றார்.

ஸ்க்ரூட்ரைவரை எடுத்தாள். மூடியில் நாலு திருகு. நாலு பள்ளமும் நேர்க்குத்தாக நின்றன. அவர் மாட்டுகிற எல்லா ஸ்விட்ச் போர்டிலும் அப்படித்தான் நிற்கும்.

திறந்தாள்.

கிரவுண்டில் பச்சை.

மூடியின் உள்பக்கம் பென்சிலில் மூன்று இங்கிலீஷ் எழுத்து. போர்டைப் பார்த்து வரைந்திருக்கிறார், படம் வரைவது போல. ஜி, என், டி. பக்கத்தில் தமிழில்: எர்த்.

நேற்று இந்த எழுத்தைக் காட்டித்தான், "இது எர்த்தா பாப்பா?" என்று கேட்டார்.

அவள் ஃபோனைப் பார்த்துக்கொண்டே "ம்" என்றாள்.

வீட்டு ஒயரிங்கில் எர்த்துக்குப் பச்சை. முப்பது வருஷத்தில் அவர் கை ஒரு தடவைகூட மாறியதில்லை.

லேபில் கிரவுண்டுக்குக் கறுப்பு. யாரும் சொல்லித்தரவில்லை. முதல் வருஷமே எல்லோருக்கும் எப்படியோ தெரிந்திருந்தது. அவள் மட்டும் பச்சையை மாட்டினாள். சிரித்தார்கள்.

அன்றிலிருந்து கறுப்பு.

"எங்கிட்ட கறுப்பு ஒயர் இருக்குடி. பெட்டிக்குள்ள மாத்திரலாம்" என்றாள் பக்கத்து மேசை ஜெசிந்தா.

அவள் தலையாட்டினாள், வேண்டாம் என்று. தன் பக்கத்தில் கறுப்பைப் பிடுங்கினாள். பச்சையைக் கிரவுண்டில் சொருகினாள். மற்ற இரண்டையும் பெட்டியைப் பார்த்து மாட்டினாள். திரையில் எண் வந்தது.

38.

38.

ஜெசிந்தா பக்கெட்டில் ஒரு மக் தண்ணீர் ஊற்றினாள்.

41.

எக்ஸாமினர் குனிந்து பார்த்தார். "கிரவுண்டுக்குக் கறுப்புதானேம்மா போடுவாங்க? இதென்ன பச்சை?"

"எங்க வீட்ல பச்சைதான் சார்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

அவர் தாளில் ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.

அவள் மூடியை வைத்துத் திருகினாள். நாலாவது திருகு சாய்ந்து நின்றது. இன்னும் கொஞ்சம் திருப்பி நிமிர்த்தினாள்.

அப்புறம் அப்பாவைக் கூப்பிட்டாள்.

ஒரே ரிங்கில் எடுத்தார். பஸ் இரைச்சல். கண்டக்டர் விசில்.

"வந்துக்கிட்டே இருக்கேன் பாப்பா. எதையும் கழட்டிராத."