வாயை அடைக்க ஓர் ஆணி

பாகூருக்குத் தெற்கே, கேழ்வரகுக் கொல்லையில் கணுக்கால் சேற்றில் நிற்கிறாள் அமிர்தம். காலை வெயில் வாய்க்கால் தண்ணீரில் பட்டுக் கண்ணைக் கூச வைக்கிறது. "குனி அமிர்தம். மடைய வெட்டு. அவ்ளோதான், அடுத்த பாத்திக்குப் போ." தனக்குத்தானே சொல்கிறாள், சொன்னபடி மண்வெட்டி விழுகிறது. புருஷன் வாந்திபேதியில் போனபிறகு சோறு தண்ணீர் இல்லாமல் சுருண்டு கிடந்தவளை, "எழுந்திரு அமிர்தம்" என்று எழுப்பியது இந்த வாய்தான். வேறு யாரும் வந்து எழுப்பவில்லை. இப்போது கொழுந்தன் பலராமன் பூசாரியோடு வந்து வரப்பில் நிற்கிறான். பிரெஞ்சுப் பட்டாளத்துப் பழைய கோட்டு மாட்டிய பூசாரியின் கையில் வேப்பிலை, பையில் ஆணி.

"கரையேறு அண்ணி. உன் வாயில பேசுறது பேய். உச்சி முடிய புளியமரத்துல வெச்சு ஆணி அடிச்சா அடங்கிடும்."

"ஏன்டா, அன்னிக்கு அழாதேன்னீங்க. இன்னிக்குப் பேசாதேன்றீங்க. அதோ, ஏத்தம் எறைக்கிற செல்லப்பன் விடியலேர்ந்து ஒண்டியா கத்திப் பாடுறான். அவனுக்கு இன்னா, பேய் புடிச்சிருக்கா? அவன் முடிக்கு ஆணி கொண்டாந்தியா?"

"எனக்கு வழுக்கைக்கா!" என்று ஏற்றத்திலிருந்து குரல் வருகிறது.

பலராமன் சிரிக்கவில்லை. பூசாரி அவள் கொண்டையைப் பார்த்தபடி சேற்றில் ஒரு காலை வைக்கிறார். "நடுங்காத அமிர்தம்," என்கிறாள், கொல்லை முழுக்கக் கேட்கும்படி. "நிமிர்ந்து நில்லு. மம்முட்டிய ஓங்கு." மண்வெட்டி மேலே எழுகிறது. பூசாரியின் கால் மெல்லப் பின்வாங்குகிறது.